அடித்த சொல்லுக்குக் கீழே

பிப்ரவரி 11

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

உன் வீட்டு முகவரி என்னிடம் இல்லை. நீ மெய்ப்புத் திருத்தும் அச்சகத்தின் பெயர் மட்டும் தெரியும், அதற்கே அனுப்புகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருந்தால், அதற்கே நன்றி.

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம். சுகமில்லை. போன வருட ஆரம்பத்தில் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான் போய் வருகிறது. சபையில் எனக்கு 'இடி' என்று பட்டப்பெயர் இருந்தது உனக்குத் தெரியும். மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பிரசங்கம் செய்தவன், இன்று பால்காரரைக் கூப்பிட ஜன்னல் கம்பியைக் கரண்டியால் தட்டுகிறேன்.

இதைச் சொல்வதற்காக எழுதவில்லை. உன் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்னால் ஆடுகிற பற்களையெல்லாம் பிடுங்கிவிடுவார்களாம். எல்லாம் ஆறிய பிறகு பல்செட் கட்டுவார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பல் கட்டும் கூடத்தில்தான் அவள் வேலை செய்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் தாடை அச்சோடு போன சீட்டில் என் பெயரையும் நம் அப்பா பெயரையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். கையெல்லாம் பிளாஸ்டர் தூசியோடு வார்டுக்கு ஏறி வந்து என் கட்டிலருகே நின்றாள். நம் அம்மாவின் நெற்றி. பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: "பெரியப்பா, இனிமே நீங்களும் எங்க ஆளு."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் என் அறைக்கு வருகிறாள். கையால் பேசச் சொல்லித் தருகிறாள். தண்ணீர், வலி, போதும், உட்கார் எல்லாம் எனக்கு வந்துவிட்டது. விரல் தப்பாக மடங்கினால் மணிக்கட்டில் ஒரு தட்டு வைக்கிறாள். கண்டிப்பான வாத்தியார்.

உன்னிடம் சொல்லாமல்தான் வருகிறாள் என்று போன வாரம்தான் தெரிந்தது. உனக்குத் தெரியாமல் உன் பிள்ளை கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் எனக்கு உரிமை இல்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

கர்த்தர் என்னைச் சிட்சித்திருக்கிறார், தம்பி. ஏன் என்றும் எனக்குத் தெரியும்.

உன் அண்ணி அடக்கத்துக்கு நீ வரவில்லை. குறையாகச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

அன்புள்ள
அண்ணன்


பிப்ரவரி 19

போதகர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. என் மேசையில் கொண்டுவந்து வைத்த ஃபோர்மேன், "சார், உங்களுக்குக்கூட லெட்டர் போட ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இங்கே என் பட்டப்பெயர் சிவப்புப் பேனா. அவரவர் பிழைப்புக்கு ஏற்ற பெயர்.

கையெழுத்து மாறவில்லை. 'சிட்சித்திருக்கிறார்' என்பதில் ஒற்றெல்லாம் இடத்தில் இருக்கிறது. அந்தச் சொல்லை நீங்கள் எப்போதுமே பிழையில்லாமல்தான் சொல்வீர்கள்.

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மதியம். முன்னறை முழுக்க வாடகை நாற்காலிகள், சபையார் கையில் தேநீர். நான் கதவோரம் நின்றேன். பக்கத்தில் என் மனைவி, அவள் முன்னால் எங்கள் பிள்ளை, ஒன்பது வயது. கடைசிவரை நான் அப்பாவோடு பேசவில்லை என்று ஏதோ ஒரு அத்தை ஆரம்பித்தாள். நீங்கள் அப்பாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். என் பிள்ளையின் தலைக்கு நேராக விரலை நீட்டினீர்கள். "இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்குக் கர்த்தர் கொடுத்த சிட்சை" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்கிக்கிட்டுத் திருந்துறவன் பிழைப்பான்."

பிழைப்பானாம். பிழை திருத்திப் பிழைக்கிறவனைப் பார்த்து.

அவளுக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்ன வாரமே உங்கள் சபைப் பெண்கள் என் வீட்டில் முழங்கால் போட்டு, "என்ன பாவம்னு சொல்லிடுங்க, சொன்னாத்தான் கட்டு அவிழும்" என்றார்கள். அன்றோடு நான் கோயிலை விட்டேன். அதற்காக அப்பா என்னை விட்டார். அப்பாவின் மர அளவுகோல் உங்களுக்கு மறந்திருக்காது. ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை, "இது சிட்சைடா, தண்டனை இல்லை" என்பார். என் உள்ளங்கைக்கு அந்த வித்தியாசம் கடைசிவரை தெரியவில்லை.

முப்பது வருடமாக நான் செய்வதும் திருத்துகிற வேலைதான். பிழை எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல்லின்மேல்தான் கோடு போடுவேன். ஒருவன் எழுதிய பிழைக்கு இன்னொருவன் தாளில் கோடு போடமாட்டேன். போட்டால் ஃபோர்மேன் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் செய்த பாவத்துக்குக் கைக்குழந்தையின் காதைப் பிடுங்குகிறவரை நீங்கள் நீதிபரர் என்கிறீர்கள். நான் அவருக்கு வேலை போட்டுக் கொடுக்கமாட்டேன்.

அன்று என் மகள் உங்கள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதிலேயே அவள் உதடு படிப்பதில் கெட்டிக்காரி. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் வெளியேறினேன். வீடு வந்ததும், "ஏன் கோபம்?" என்று கையால் கேட்டாள். "தலைவலி" என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதன்பிறகு அவள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. படித்துவிட்டாள், வலியை விழுங்கிக்கொண்டாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். அந்தச் சொல்லைத் தலையில் வைத்துக்கொண்டு உங்கள் அறைக்கு எப்படி வருகிறாள்? என்ன மாயம் செய்தீர்கள்?

என் மனைவியிடம் கடிதத்தைக் காட்டினேன். அவளுக்கு முன்பே தெரியுமாம். "உங்க அண்ணன் தொண்டையையும் உங்க மனசையும் ஒரே டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும். அவருக்காவது வெட்டி எடுத்தாச்சு" என்கிறாள்.

வேண்டாம் என்று நான் எழுதப்போவதில்லை. அவள் வளர்ந்தவள். ஆனால் உங்களுக்கு வந்திருக்கிறதே, அதுதான் சிட்சை. சொன்ன தொண்டையைத் தேடிப் பிடித்து எடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டு திருந்துங்கள். பிழைப்பீர்கள்.

சிவப்புப் பேனா


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

'போதகர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து 'நீங்கள், நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் என்னைப் 'போடா அண்ணா' என்பாய். அதற்கும் அப்பாவிடம் அடி வாங்கினாய். அந்த 'போடா'வை இப்போது எழுதியிருந்தால்கூட இவ்வளவு குளிர்ந்திருக்காது.

நீ கடைசியில் எழுதியதை எங்கள் மூப்பர் ஒருவர் உனக்கு முன்பே வந்து, உன்னைவிட மரியாதையாகச் சொல்லிவிட்டார். மேசையில் பழப்பையை வைத்துவிட்டு, "போதகரே, எந்தப் பாவம்னு ஆராய்ஞ்சு பாருங்க. கண்டுபிடிச்சு அறிக்கை பண்ணிட்டா கட்டி திரும்பி வராது" என்றார். பேச்சுக்குப் பதிலாக நான் வைத்திருக்கும் சிலேட்டில் 'சரி' என்று எழுதிக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், தம்பி. நான் கட்டில் கட்டிலாக நின்று சொன்னதைத்தான் அவர் என்னிடம் திருப்பிச் சொன்னார். அவர் சொன்னபோதுதான் அது கட்டிலில் படுத்திருப்பவனுக்கு எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது.

இப்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. 'சிட்சை' என்பதைத் தன்மையில் மட்டுமே சொல்ல வேண்டும். கர்த்தர் என்னைச் சிட்சித்தார் என்று ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லலாம். அதில் அவனுக்கு ஒரு பிடி கிடைக்கும். அதையே முன்னிலையில், உன்னைச் சிட்சித்தார் என்று சொன்னால், சொல்கிறவன் கர்த்தருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். அன்று நான் பிடித்துக்கொண்டு நின்றது அப்பாவின் நாற்காலி மட்டும் இல்லை.

எப்படி வருகிறாள் என்று கேட்டாய். அதை அவளிடமே கேட்டேன். "என்கிட்ட ஏன் வர்றே?" என்று சிலேட்டில் எழுதினேன்.

"தாத்தா செத்த அன்னிக்கு நீங்க சொன்னதுக்காக."

அதற்குக் கீழே எழுதினேன்: "என்ன சொன்னேன்?"

அவள் உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதினாள்: "இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்குக் கர்த்தர் கொடுத்த சிகிச்சை."

எழுத்துப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் சிலேட்டைத் துடைத்துவிட்டு மேலும் எழுதினாள். "எல்லாரும் என்னைத்தான் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னையே சிகிச்சைன்னு சொன்னீங்க. அப்புறம் முகத்தை அப்பா பக்கம் திருப்பிட்டீங்க. மீதி தெரியல."

புரிகிறதா, தம்பி? மெய்ப்புப் பார்க்க நீ வீட்டுக்குக் கொண்டுபோன மருந்து விளக்கத் தாள்களை வைத்துத்தான் அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாளாம். 'சிங்கம்' தெரிவதற்கு முன்பே அவளுக்குச் 'சிகிச்சை' தெரியும். 'சிட்சை' தெரியாது. கோயிலை விட்டு வந்தபோது அந்தச் சொல்லையும் நீ வாசலிலேயே விட்டுவிட்டாய். உன் வீட்டில் அது இல்லவே இல்லை. அவள் போன பிறகு கண்ணாடி முன் நின்று இரண்டு சொல்லையும் வாயசைத்துப் பார்த்தேன். உதட்டில் 'ட்சை'யும் 'ச்சை'யும் ஒன்றுதான்; நடுவில் ஒரு 'கி'தான் வித்தியாசம். அது தொண்டைப் பக்கம் பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது, உதட்டுக்கு வருவதில்லை.

நான் ஒருநாளும் சொல்லாத ஒரு நல்ல வார்த்தையின்மேல் அந்தப் பிள்ளை பதினேழு வருடம் நின்றிருக்கிறாள்.

உண்மையைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறது என் மனசாட்சி. ஆனால் என் பாரத்தை இறக்க நான் தேடுகிற இடம் அவள் தலையா என்றும் பயமாக இருக்கிறது. பாவ அறிக்கையிலும் சுயநலம் ஒளிந்திருக்கும் போல. நீ தகப்பன். நீ சொல்: சொல்லவா, விடவா? உன் பதில் வரும்வரை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அன்புடன்
அண்ணன்


மார்ச் 17

அண்ணனுக்கு,

நான் சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அச்சகத்துப் பின்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. நீங்கள் தப்பித்துவிட்டீர்கள் என்றுதான் தோன்றியது. அவளுக்காகத்தான் பதினேழு வருடம் உங்களை வெறுத்தேன். அந்த வெறுப்பு அவளுக்குத் தேவையாகவே இருந்ததில்லை. அவள் தலைக்கு அடியில் உங்கள் வார்த்தையைத் தலையணையாக வைத்துத் தூங்கியிருக்கிறாள். பக்கத்து அறையில் நான்தான் அதைக் கல்லாக வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். ஒரு பிழை அச்சாகி, தைத்து, அட்டை போட்டு இத்தனை வருடம் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது, என் கண்ணில் படவில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பல்செட் மெழுகைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு மெய்ப்புத் தாளைத் திருப்பிப் போட்டு, அவள் படித்த வாக்கியத்தை அப்படியே எழுதினேன். அவள் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பெரியப்பா சொன்னாரா?" என்று கையால் கேட்டாள். நான் 'சிகிச்சை'யின்மேல் கோடு போட்டேன். ஓரத்தில் 'சிட்சை' என்று எழுதினேன்.

அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து விரித்துக் காட்டினேன். சிட்சை: கற்பித்தல், திருத்துதல், தண்டனை. அவள் முதல் பொருளில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவள் விரலைப் பிடித்து மூன்றாவதுக்கு நகர்த்தினேன்.

அந்த விரல் அங்கேயே இருந்தது. மனைவி கீரையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பண்றீங்க?" என்றாள். மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நெற்றியைத் தொட்டு, "அப்போ தலைவலி?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் குச்சியைத் துடைத்து வைத்தாள். இரண்டு கையையும் மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். உங்களுக்கு இது புரியுமோ என்னவோ. மற்ற பிள்ளைகள் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். இவள் கையைப் பைக்குள் வைத்துக்கொள்வாள். சின்ன வயதில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் வைத்திருப்பாள். இப்போது ஒரு வாரம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கூட வேலை செய்கிற பெண்ணோடு தங்கப்போவதாக அம்மாவுக்கு மட்டும் எழுதிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். கதவுவரை நான் பெட்டியைத் தூக்கிப் போனேன். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள், அவ்வளவுதான்; அது பேச்சு இல்லை.

"சரியான சொல்லைப் போட்டுட்டீங்கல்ல? இனி அச்சுக்கு அனுப்பிடலாம்" என்கிறாள் என் மனைவி. அதன்பிறகு அவளும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. வீட்டில் குக்கர் சத்தம் மட்டும்தான்.

நான் சொன்னதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன். மூலத்தில் இருந்ததைத்தான் ஓரத்தில் எழுதினேன். என்மேல் தப்பு இருப்பதாக எழுதிவிடாதீர்கள்; அதைத் தாங்கும் பொறுமை எனக்கு இப்போது இல்லை.

சனிக்கிழமை உங்களிடம் வந்தாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

வந்தாள். முதல் சனிக்கிழமை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்தாள்.

உன்மேல் தப்பு என்று எழுதமாட்டேன். அந்தச் சொல்லை எறிந்தவன் நான். அது இத்தனை வருடம் கழித்து எங்கே விழுந்தது என்று நீ காட்டினாய்.

நீ எழுதிய மாதிரியே கை இரண்டும் பைக்குள் இருந்தன. வழக்கமான நாற்காலியில் உட்காராமல் கட்டில் முனையில் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், நீட்டினேன். வாங்கிப் படிக்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒரு கையை வெளியே எடுத்துத் தன் கண்ணைக் காட்டி, என் உதட்டைக் காட்டினாள். அன்று சொன்னதைச் சொல்லச் சொல்கிறாள்.

சொன்னேன். குரல் இல்லாத வாயால், அவள் செய்து கொடுத்த பல்லை மாட்டிக்கொண்டு, அந்த வாக்கியத்தை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். கடைசிச் சொல் வந்ததும் உள்ளங்கையைத் தூக்கி நிறுத்தினாள். மறுபடி என்று சைகை. மறுபடி சொன்னேன். அதே இடத்தில் நிறுத்தினாள். மறுபடி. என் கண்ணில் நீர் வழிந்தது, துளையிலிருந்து சளி வந்தது, அவள் துணியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி என்றாள். எத்தனை முறை என்று தெரியாது. என்னைத் தண்டிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

பிறகு என் தாடைக்குக் கீழே ஒரு விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். அப்போதுதான் புரிந்தது. அந்தக் 'கி' பிறக்கிற இடம் அது. அவள் அதற்குத்தான் காத்திருந்தாள்.

நான் 'சிகிச்சை' என்றேன். ஓசை ஒன்றும் இல்லை. நாக்கின் அடி மட்டும் எழும்பித் தொட்டது. அவள் விரலுக்கு அது தெரிந்தது. விரலை எடுத்துவிட்டாள். தலையசைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து போய் என் தேநீர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

தம்பி, நாற்பது வருடம் நான் சிட்சையைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். அது அப்பாவின் அளவுகோல் மாதிரி இருக்கும் என்றே நினைத்தேன். யாரோ ஒருவர் நம் தாடைக்குக் கீழே விரலை வைத்து, நாம் சரியாகச் சொல்கிறவரை போகாமல் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவள் அன்று அகராதியில் நீ நகர்த்திய தன் விரலை 'கற்பித்தல்' என்ற முதல் பொருளுக்கே கொண்டுபோய்விட்டாள் என்று நினைக்கிறேன். வலித்தது. இன்னும் வலிக்கிறது.

அவள் கிளம்பும்போது உன்னைப் பற்றிக் கேட்டேன். "அப்பா?" என்று எனக்குத் தெரிந்த சைகையில் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு இடது உள்ளங்கையை விரித்து, வலது கை ஆள்காட்டி விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். எனக்கு அந்தச் சைகையை அவள் சொல்லித் தந்ததில்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன் என்கிறாள் என்றுதான் பட்டது. உனக்கு எழுத மனம் வரவில்லை. ஆனால் இனி உன்னிடம் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்வதில்லை என்று இருக்கிறேன்.

கழுத்தில் பக்கவாட்டில் மறுபடி ஏதோ தட்டுப்படுகிறது. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்
அண்ணன்


மார்ச் 29

அண்ணனுக்கு,

அது என் பெயர்.

அந்தச் சைகை எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. 'அப்பா' என்பதற்குச் சரியான சைகை தெரிவதற்கு முன்பே அவளாகச் செய்துகொண்டது. சமையலறை மேசையில் நான் தாள்களில் கோடு போட்டுக்கொண்டே இருப்பேன். அவள் மேசைக்கு மேல் மூக்கை மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோடு போடுகிறவன் யாரோ அவன் அப்பா. அம்மாவிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையில் அந்தக் கோட்டை இழுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். உங்களுக்கு அடித்துவிட்ட மாதிரி தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். எனக்கே இப்போது எது என்று தெரியவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். நன்றாக நினைவுபடுத்திப் பார்த்து எழுதுங்கள்.

சில நேரம் மெய்ப்பில் நாங்கள் சரியான சொல்லையே தப்பு என்று அடித்துவிடுவோம். அப்போது அழிக்கமாட்டோம். அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். அச்சுக் கோக்கிறவர் கோட்டைக் கண்டுகொள்ளாமல் சொல்லை அப்படியே விட்டுவிடுவார். இதை ஒருமுறை அவளுக்குக் காட்டினேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நான் முறைத்தால், உள்ளங்கையில் விரல் நுனியால் புள்ளி புள்ளியாகத் தட்டிக் காட்டுவாள். இருக்கட்டும் அப்பா, விட்டுவிடு என்று அர்த்தம். நான் திட்டிவிட்டு வருத்தப்பட்டு நின்றால் என் உள்ளங்கையைப் பிடித்தும் அப்படித் தட்டுவாள்.

கோடு இழுத்த பிறகு புள்ளி வைத்தாளா? கோடு மட்டும்தானா? புள்ளி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறு. உங்கள் கண் ஜன்னல் பக்கம் போயிருக்கலாம், அவள் முகத்துக்குப் போயிருக்கலாம். விரல் கையிலிருந்து எப்போது எடுபட்டது என்று யோசியுங்கள்.

மருந்துத் தாள் வந்தால் இப்போது அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுகிறேன். அந்தச் சொல் இல்லாத மருந்துத் தாளே கிடையாது. "சிவப்புப் பேனாவுக்கு மசி தீர்ந்து போச்சா?" என்கிறார் ஃபோர்மேன்.

ஸ்கேனில் என்ன வந்தது?

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

நான் பார்க்கவில்லை.

கோட்டைப் பார்த்ததும் என் கண் அவள் முகத்துக்குப் போய்விட்டது. அதன்பிறகு கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. புள்ளி வைத்தாள் என்று எழுதிவிட எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? உனக்கு அது போதும், எனக்கும் உன் முன்னால் ஒரு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதுதானே என் பழைய பாவம். ஒரு பிள்ளைக்குக் காது ஏன் கேட்கவில்லை என்று தெரியும் என்றேன். என் முதல் கடிதத்தில்கூட, கர்த்தர் என்னை ஏன் சிட்சித்தார் என்று தெரியும் என எழுதினேன். அந்த வரியை எடுத்து அடித்துவிடு. அதற்குக் கீழே புள்ளி வேண்டாம்.

ஸ்கேனில் நல்ல செய்தி இல்லை. மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்கிறார்கள். இந்த முறை வெட்டுவதற்கு அதிகம் இல்லை என்கிறார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தச் சனிக்கிழமை இல்லை, அதற்கடுத்த சனிக்கிழமை அவள் என் சாமான்களைக் கட்டிவைக்க வருகிறாள். சபை இந்த அறையைக் கேட்கிறது.

நீ வா. எனக்காக இல்லை. நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை, அவள் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்
அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

நீ சொன்ன சனிக்கிழமை வருகிறேன். அவளிடம் சொல்லாதே. சொன்னால் வராமல் இருந்துவிடுவாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. அதற்கு இன்னும் மனம் வரவில்லை. வராமலே போனாலும் போகலாம், உனக்கும் காலம் அதிகம் இல்லை போலிருக்கிறது. பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று வைத்துக்கொள். என் மனைவியைக் கூப்பிட்டேன். "நீங்க மட்டும் போங்க. நான் வந்தா என் பின்னால ஒளிஞ்சுக்குவீங்க" என்கிறாள்.

அறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வை. நான் தட்டினால் அவளுக்குக் கேட்காது. யார் என்று கேட்க உன்னால் முடியாது. நானாகத்தான் தள்ளிக்கொண்டு உள்ளே வர வேண்டும். வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. கை பைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

தம்பி